கேப்டன் கோட்டில் ஒரு கிரீடம்

பெலா அரத்தைக் கையில் எடுத்துவிட்டாள். பொத்தானையும் எடுத்தாள். பார்த்தால், அராவுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

பித்தளைக் கழுகு இறக்கையை விரித்து, கழுத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, மொட்டைத் தலையோடு அவள் உள்ளங்கையில் கிடந்தது. கிரீடம் இருந்த இடத்தில் எப்போதோ அரம் ஓடிய தடம் கறுத்துப்போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. ஏப்ரன் பையை வெளியே இழுத்து உதறினாள். மெழுகுக் கட்டி விழுந்தது, நூல் துண்டுகள் விழுந்தன, காய்ந்த ரொட்டித் துணுக்கு ஒன்று விழுந்தது. இன்னொரு பொத்தான் விழவில்லை.

மேசைக்கு அடியில் குனிந்தும் தேடினாள்.

நேற்று அந்தப் பையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று தையல்கூடத்து டப்பாவிலிருந்து எடுத்த மொட்டைக் கழுகு, கேப்டன் கவ்ரோனின் கோட்டுக்காக. கேப்டனுக்கு இந்த வருஷம் வயிறு போட்டுவிட்டது. பொத்தான்களைத் தள்ளித் தைக்கச் சொல்லிக் கோட்டை அனுப்பியிருந்தார். மேலிருந்து மூன்றாவது பொத்தானுக்குப் பின்வளையம் அறுந்துபோயிருந்ததால் அதற்கு மட்டும் மாற்று. இன்னொன்று பெலா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதில் கழுகு கிரீடம் வைத்திருந்தது.

பழைய அரசாங்கத்தில் போலந்துக் கழுகுக்குக் கிரீடம் உண்டு. புது அரசாங்கம் வந்ததும், ராஜாவும் கிடையாது, கிரீடமும் கிடையாது என்று ஆகிவிட்டது. நகராட்சிக் கட்டிடத்து நெற்றியில் இருந்த கல் கழுகின் தலையை உளியால் சமமாக்கினார்கள். பொத்தானுக்கு உளி வைக்க முடியுமா? போர் முடிந்த புதிதில் புதுப் பொத்தானே கிடையாது. பழைய பட்டாளத்துப் பொத்தான்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ராதோம் ஊரின் இந்தத் தையல்கூடத்துப் பெண்கள் உட்கார்ந்து கிரீடத்தை மட்டும் அராவி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த யாருடைய கட்டைவிரலைப் பார்த்தாலும் அரம் பட்ட தழும்பு இருக்கும்.

பெலாவின் புருஷன் இக்னாச் முப்பத்தொன்பதாம் வருஷத்துச் சண்டைக்குப் போட்டுக்கொண்டு போன பட்டாளக் கோட்டிலிருந்து சில பொத்தான்கள் வீட்டில் இருந்தன. அடுப்புக்குப் பின்னால் ஒரு கடுகு டப்பாவில் அவன் வைத்திருந்தான். அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அவன் இப்போது போட்டுக்கொண்டிருக்கும் கோட்டுக்கு நெஞ்சில் பொத்தான் இல்லை. ஊக்குப் போட்டுக்கொண்டுதான் வேலை தேடி அலைகிறான். கடையில் பொத்தான் கிடைக்காது. அதனால்தான் அவனுக்குத் தெரியாமல் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள், மத்தியானம் கண்மறைவில் அராவிவிடலாம் என்று. ஆனால் நேற்று முழுக்க மேஸ்திரி லிப்கோ அவள் மேசையைச் சுற்றியே நின்றான். பொத்தான் பையிலேயே இருந்துவிட்டது. சாயங்காலம் வெளிச்சம் போய்விட்டது, கேப்டனின் ஆள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். கண் பார்க்கவில்லை, கை தைத்தது.

கேப்டன் அந்தக் கோட்டோடு இன்று பதினோரு மணிக்குச் சதுக்கத்து மேடையில் நிற்பார். இன்று ராணுவ தினம். வார்சாவிலிருந்து ஜெனரல் வருகிறார்.

இக்னாச் சிறையிலிருந்து வந்து இன்னும் இலை முழுதாக உதிரவில்லை. ரொட்டி வரிசையில் நின்றுகொண்டு, "கிரீடம் போச்சுன்னா கழுகு கோழிதானே?" என்று சொன்னதற்கு இரண்டு குளிர்காலம் உள்ளே இருந்தான். இப்போது கேப்டனின் நெஞ்சில் கிரீடம் என்றால் தைத்தவள் யார் என்று கேட்பார்கள். அவள் புருஷன் யார் என்று கேட்பார்கள். அப்புறம் கேட்க எதுவும் இருக்காது.

கதவு திறந்தது. கூட வேலை செய்யும் யுஸ்தினா உள்ளே வந்து தலைத்துணியை உதறினாள். அவளோடு இன்னும் இரண்டு பேர்.

"என்னடி பெலா, விடியறதுக்குள்ள வந்து அரத்தோட நிக்கற? பல்லு விளக்கவா?"

"இயந்திரத்துப் பல்லு ஒண்ணு மொண்ணையா இருந்துச்சு," என்று பெலா அரத்தை இழுப்பறையில் போட்டாள்.

"மேஸ்திரி சொன்னாரு, எல்லாரும் பத்து மணிக்குக் கொடியோட சதுக்கத்துல நிக்கணுமாம். கால் வலிக்குதுன்னா அதுவும் நாட்டுக்காகத்தானாம்." யுஸ்தினா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோலச் செய்தாள். சிவப்புக் கேடயத்தில் வெள்ளைக் கழுகு. எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று அரசாங்கம் அனுப்பிய மாதிரிப் படம். லிப்கோதான் ஆணி அடித்தது. "ஏண்டி, எனக்கு ஒரு சந்தேகம். பக்கத்துச் செக் நாட்டு முத்திரைச் சிங்கம் மட்டும் இன்னும் கிரீடம் வெச்சுக்கிட்டு நிக்குதே? அதுவும் நம்ம மாதிரி தோழர்கள் நாடுதானே?"

"அது சிங்கம்டி. கழட்டப் போனா கடிக்கும்," என்றாள் இன்னொருத்தி.

"அப்ப நம்மளது கடிக்காதா?"

"நம்மளது முட்டை போடும்."

சிரித்தார்கள். வழக்கமாக பெலாவும் சிரிப்பாள். இன்று உதட்டை இழுக்க வரவில்லை. யுஸ்தினா ஒருமுறை உற்றுப் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

லிப்கோ உயரமில்லாத மனுஷன். உயரமில்லாததைக் குரலில் ஈடுகட்டுவான். அவனிடம் உண்மையைச் சொன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் செய்கிற முதல் வேலை டெலிபோனை எடுப்பதாகத்தான் இருக்கும். பெலா அதற்குள் ஒரு பொய்யைத் தேடிப் பிடித்திருந்தாள். தையல்காரிகள் எல்லோரும் பயப்படுகிற பொய்.

"மேஸ்திரி, கேப்டன் கவ்ரோன் கோட்டுல ஒரு ஊசி விட்டுட்டேன்னு நினைக்கிறேன்."

லிப்கோவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "எங்க?"

"உள்துணில. நெஞ்சுப் பக்கம்."

"நெஞ்சுப் பக்கமா! ஜெனரல் வந்து கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கும்போது குத்தட்டும்னு வெச்சியா? உன்னை மாதிரி ஆளை வேலைக்கு வெச்சதுக்கு என்னைச் சொல்லணும். புருஷன் வாயால குத்தினான், நீ ஊசியால குத்தறியா? ஓடு! ஓடிப்போய் எடுத்துட்டு வா!"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். பாதிப் படி இறங்கியிருப்பாள், அலுவலக அறையில் டெலிபோன் சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. பிறகு லிப்கோவின் குரல், வெண்ணெய் தடவிய குரல்: "கேப்டனம்மாங்களா? காலங்காத்தால தொந்தரவு... இல்லைங்க, ஒரு சின்ன விஷயம். கோட்டை அப்படியே மேசை மேல விரிச்சு, ஒரு இஞ்ச் விடாம தடவிப் பாத்துடுங்க..."

பெலா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்துவிடக் கூடாது என்றுதானே பொய் சொன்னாள்? இப்போது உற்றுப் பாருங்கள் என்று அந்தப் பொய்யே போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெரிய தெருவில் வண்டி ஓடவில்லை. விளக்குக் கம்பம் தோறும் அட்டைக் கேடயம் கட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் மொட்டைக் கழுகு. ஏணி மேல் நின்று ஒருவன் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தான். தேவாலய முனையில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, போகிறவர்களின் பையை எல்லாம் கொட்டிப் பார்த்தார்கள். பெலாவின் பைகளில் கத்தரிக்கோலும் நூல்கண்டும் மொட்டைப் பொத்தானும்தான். அவர்களில் இளைஞன் ஒருவன் பொத்தானைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க போற?" என்றான்.

"கேப்டன் கவ்ரோன் வீட்டுக்கு. தையல் வேலை."

பேரைக் கேட்டதும் கயிற்றைத் தூக்கிவிட்டான். அந்தப் பேர் கயிற்றைத் தூக்கவும் செய்யும், கழுத்தில் போடவும் செய்யும் என்று நினைத்துக்கொண்டே குனிந்து போனாள்.

கேப்டன் குடியிருப்பு இரண்டாவது மாடி. தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. கேப்டனின் மனைவி போகுமிலா கசாப்புக் கடைக்காரர் மகள். கைகள் அப்படித்தான் இருக்கும், வலுவாக, சிவப்பாக.

"ஊசிக்காரி நீதானா? வா உள்ள. கால் மணி நேரமா தடவறேன், ஒரு எழவும் கிடைக்கல."

சமையலறை மேசையில் கோட்டு கிடந்தது. நல்ல வேளை, உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டிருந்தார்கள். உள்துணி மேலே, பொத்தான்கள் முகம் குப்புற மேசைப் பலகையில். கேப்டன் கவ்ரோன் பாதி முகத்தில் சவர நுரையோடு, சட்டைக்கு மேல் தோள்வார் தொங்க, பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஏம்மா, ஜெர்மன்காரன் துப்பாக்கிக்குத் தப்பிச்சு வந்தவன் நான். உன் ஊசிக்குச் சாகவா?"

"மன்னிச்சுக்கங்க கேப்டன் ஐயா. நான் பாத்தா உடனே கிடைச்சிடும். என் கை வெச்ச இடம் எனக்குத் தெரியும்."

மேசை முன்னால் குனிந்தாள். தன் சட்டைக் கழுத்தில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்துக்கொண்டு, உள்துணித் தையலோடு கையை ஓட்டினாள். அக்குளுக்குக் கீழே வந்ததும் ஊசியை உள்ளே விட்டு வெளியே இழுத்தாள்.

"இதோங்க."

"பிழைச்சேன்!" கேப்டன் கையைத் தட்டினார். "போகுமிலா, பாரு, சின்னதா இருந்துக்கிட்டு என்ன பாடு படுத்திடுச்சு. நான் மீதி முகத்தைச் சிரைச்சுட்டு வரேன். வண்டி வர்ற நேரமாச்சு." குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தமும், ஏதோ அணிவகுப்புப் பாட்டை மூக்கால் இழுக்கும் சத்தமும் வந்தது.

பெலா கோட்டை நேராகத் திருப்பக் கை நீட்டினாள். போகுமிலா அதற்கு முன் ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் வெள்ளை நூல் தொங்கியது.

"காக்கிக் கோட்டுல வெள்ளை நூல் கோத்த ஊசிக்கு என்ன வேலை?"

பெலா கோட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். "அது... ஓட்டுத் தையலுக்கு..."

"எங்கம்மாவும் வீட்ல தைச்சவதான். பொத்தான் தள்ளி வைக்கறதுக்கு ஓட்டுத் தையல் போட்டேன்னு என்கிட்ட கதை சொல்லாத." போகுமிலா கோட்டின் தோளைப் பிடித்து ஒரே சுழற்றில் நேராக்கினாள். பொத்தான்கள் மேலே வந்தன. அவள் கை மேலிருந்து கீழே இறங்கியது. முதல் பொத்தான். இரண்டாவது. மூன்றாவதில் கட்டைவிரல் நின்றது. விரலை எடுத்துக் குனிந்து பார்த்தாள்.

குளியலறையில் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"இது யார் வெச்சது?" போகுமிலாவின் குரல் மூச்சாக இறங்கிவிட்டது. "யார் சொல்லி வெச்சே? அவர் மேல யாருக்கு என்ன கோபம்? அந்த லிப்கோவா?"

லிப்கோ என்று சொன்னால் போதும். ஒரே பேர். பெலாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தினமும் அவள் புருஷனைச் சொல்லிக் குத்துகிற மனுஷன். தலையை மட்டும் ஆட்டினால்கூடப் போதும். அவள் ஆட்டவில்லை.

"யாரும் சொல்லலைங்கம்மா. பைல ரெண்டு இருந்துச்சு. இருட்டுல மாறிப்போச்சு. இது என் வீட்டுக்காரருக்கு. அவர் கோட்டுல ஊக்குப் போட்டுக்கிட்டுத் திரியறாரு. அராவிட்டுத் தைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்." உள்ளங்கையை விரித்து மொட்டைப் பொத்தானைக் காட்டினாள். "இதுதான் கேப்டன் ஐயாவுக்கு."

"உன் வீட்டுக்காரன் என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணலைங்க. உள்ள இருந்தாரு. இப்பத்தான் வந்தாரு."

"எதுக்கு?"

"ரொட்டி வரிசைல கழுகைக் கோழின்னு சொன்னாரு."

போகுமிலா குளியலறைக் கதவைப் பார்த்தாள். பெலாவைப் பார்த்தாள். "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. ஆனா கதவைச் சாத்திட்டுச் சொல்லுவாரு. மாத்து. சீக்கிரம் மாத்து."

பெலாவின் கத்தரிக்கோல் பழைய நூலை வெட்டியது. கிரீடக் கழுகு மேசையில் உருண்டது. போகுமிலா ஈயைப் பிடிப்பதுபோல அதைக் கைக்குள் அடக்கிக்கொண்டாள். காக்கி நூல் ஊசிக் காதில் நுழைய மறுத்தது. பெலா நுனியை எச்சிலில் நனைத்தாள், மறுபடி குத்தினாள், மறுபடி விலகியது. இத்தனை வருஷமாக இருட்டிலும் நூல் கோர்த்த கை. போகுமிலா ஊசியைப் பிடுங்கித் தானே கோர்த்துக் கொடுத்தாள்.

தண்ணீர் நின்றது. பாட்டு கிட்டே வந்தது.

"கோட்டு எங்கடி? டிரைவர் கீழ வந்துட்டான் போலிருக்கு."

வளையத்துக்குள் மூன்று முறை நூல் போயிருந்தது, முடிச்சு இன்னும் விழவில்லை. கேப்டன் வாசற்படியில் நின்றுகொண்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். "இன்னும் என்ன?"

"பொத்தான் ஒண்ணு ஆடுச்சு," என்றாள் போகுமிலா. "மேடைல ஜெனரல் முன்னாடி விழட்டும்னு விடச் சொல்றீங்களா?"

"அதையும் நேத்தே பாத்திருக்கக் கூடாதா? நல்ல தையல்காரி புடிச்சான் லிப்கோ."

பெலா முடிச்சுப் போட்டாள், குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். கேப்டன் கோட்டுக்குள் கையை நுழைத்தார், ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். மூன்றாவதைப் போடும்போது அது சற்று இறுக்கமாக இருந்ததால் குனிந்து அதைப் பார்த்தார். மொட்டைக் கழுகு அவரைத் திரும்பிப் பார்த்தது. "வயிறுதான்," என்று சொல்லிக்கொண்டு வயிற்றை எக்கிப் போட்டார். கீழே வண்டி ஹாரன் அடித்தது. தொப்பியைத் தலையில் வைத்தார், மனைவியின் கன்னத்தில் முத்தமிட்டார், படியில் இறங்கும் சத்தம் கீழே போய் மறைந்தது.

போகுமிலா கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். மூடிய கை இன்னும் மூடியே இருந்தது.

"ரொம்ப நன்றிங்கம்மா. நான் கிளம்பறேன். அதைக் குடுத்தீங்கன்னா..."

"இது என்கிட்ட இருக்கட்டும்."

பெலாவுக்குப் புரியவில்லை.

"குளிர் வருது. எனக்கு ஒரு கோட்டு தைக்கணும். என் தங்கச்சிக்கு ஒண்ணு. துணி நான் தர்றேன். கூலி கேக்க மாட்டல்ல? வசந்தம் வந்தா கவுனு. உன்னை மாதிரி நல்லாத் தைக்கறவ ஊர்ல யாரு இருக்கா?" குரலில் கோபமே இல்லை. கறி நிறுக்கிறபோது பேசுகிற குரல்.

"தைக்கிறேங்கம்மா," என்றாள் பெலா. வேறு என்ன சொல்ல? கால் தானாக வாசலுக்கு நடந்தது. கைப்பிடியில் கை வைத்தாள். அப்படியே நின்றாள். அந்தப் பொத்தான் இந்த வீட்டில் இருக்கிறவரை இக்னாச் ராத்திரி இருமினாலும் கதவு தட்டுகிறார்களோ என்று எழுந்து உட்காரத்தான் வேண்டும். களைப்பு அவள் முதுகிலிருந்து ஏறித் தலைக்கு வந்தது. களைத்தவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

திரும்பினாள். "அதை எங்க வைப்பீங்க?"

"அது உனக்கெதுக்கு?"

"வேலைக்காரி வருவா. டிரைவர் வருவான். லிப்கோ வேற இன்னைக்குச் சாயங்காலம் மன்னிப்புக் கேக்கப் பூவோட வருவான். எங்க வீட்ல அது கிடைச்சா ஒரு தையல்காரி புருஷன் போவான், அவ்வளவுதான். இங்க கிடைச்சா கேப்டன். அவர் நெஞ்சுல ஒரு ராத்திரி இருந்த பொத்தான்னு நானே சொல்ல வேண்டியிருக்கும், கேட்டாங்கன்னா. நான் தைரியசாலி இல்லீங்கம்மா. அடிச்சாச் சொல்லிடுவேன்."

போகுமிலாவின் கழுத்து மெல்லச் சிவந்தது. மூடிய கையைப் பார்த்தாள், நெருப்பை வைத்திருப்பவள்போல.

"நாக்கு நீளம் உனக்கு."

"எங்க வீட்ல எல்லாருக்கும் அதுதாங்க வியாதி."

பொத்தான் மேசையில் விழுந்தது. "எடுத்துட்டுப் போ. இப்பவே. இந்த நிமிஷமே."

பெலா எடுக்கவில்லை. "தேவாலய முனைல பையைக் கொட்டிப் பாக்கறாங்க. வரும்போதே பாத்தாங்க. ஒரு துண்டுத் துணி இருந்தாக் குடுங்க."

போகுமிலா இழுப்பறையைத் திறந்து ஒரு கறுப்புத் துணிக் கத்தையை எறிந்தாள். பெலா அதில் வட்டமாக வெட்டினாள், ஓரத்தைச் சுற்றி நூலை ஓட்டினாள், பொத்தானை நடுவில் வைத்து நூலை இழுத்தாள். துணி சுருங்கிக் கழுகை மூடியது, கிரீடத்தோடு. பெண்கள் கோட்டுக்குத் துணி போர்த்திய பொத்தான் வைப்பது புதிதல்ல. அவளுடைய கோட்டில் கழுத்துப் பொத்தான் விழுந்து நாளாகியிருந்தது. அந்த இடத்திலேயே தைத்துக்கொண்டாள். போகுமிலா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கோட்டு?" என்றாள், பெலா வாசலைத் தாண்டும்போது.

"கூலி குடுத்தாத் தைக்கிறேன்," என்றாள் பெலா. சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

தேவாலய முனையில் அதே இளைஞன். இப்போது கூட்டம் அதிகமாகியிருந்ததால் அவனுக்கு எரிச்சலும் அதிகமாகியிருந்தது. பையைக் கொட்டச் சொன்னான். கத்தரிக்கோல், நூல்கண்டு. "இன்னொரு பொத்தான் இருந்துச்சே?"

"தைச்சாச்சுங்க. அதுக்குத்தானே போனேன்."

அவன் கண் பையிலிருந்து மேலே ஏறி அவள் கழுத்தில் நின்றது. "இது?" விரலை நீட்டித் துணிப் பொத்தானைத் தொட்டான். "மத்ததெல்லாம் பழுப்பு. இது மட்டும் கறுப்பு."

அவன் விரலுக்கும் கிரீடத்துக்கும் நடுவில் ஒரு சுற்றுத் துணி. பெலா அவன் சட்டையைப் பார்த்தாள். அவன் சட்டைப்பை மூடிகளில் ஒரு பொத்தான் நீலம், ஒன்று சாம்பல்.

"உங்களுக்கும் அரசாங்கம் அப்படித்தான் குடுத்திருக்கு போல," என்றாள்.

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பின்னால் நின்ற கிழவர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். இளைஞன் காது சிவந்து, "போ, போ, நகரு," என்று கயிற்றைத் தூக்கினான்.

சதுக்கத்துக் கூட்டத்தில் ஒருத்தி குறைந்தால் தெரியாது என்று பெலா வீட்டுக்கு நடந்தாள். வந்து சேர்ந்தபோது தெருமுனை ஒலிபெருக்கியில் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. இக்னாச் ஜன்னலருகில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"என்ன ஆச்சு? இந்நேரத்துல?"

கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னாள். கடுகு டப்பாவில் ஆரம்பித்து, கயிறு வரைக்கும். அவன் கத்துவான், அல்லது எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நிற்பான் என்று நினைத்தாள். கழுத்துப் பொத்தானை வெட்டி, துணியைக் கிழித்து, அவன் முன்னால் வைத்தாள்.

"நீ பத்திரமா வெச்சிருந்தது. கேக்காம எடுத்துட்டேன்."

"பத்திரமாவா?" இக்னாச் பொத்தானை எடுக்காமலே பார்த்தான். "எங்க போடறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன், பெலா. ஆத்துல போட்டா யாராவது பாப்பான். குப்பைல போட்டா குப்பைக்காரன் எடுப்பான். புதைச்சா நாய் தோண்டும். ஒவ்வொரு நாளும் அந்த டப்பாவை நினைச்சுட்டுத்தான் தூங்கறேன். நீ கோவிச்சுக்குவேன்னுதான் சொல்லல."

"நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்?"

"புருஷன் வீரன்னு நினைச்சுக்கிட்டு இருந்தே இல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"உள்ள இருந்தப்போ குளிருச்சு. இப்பவும் குளிருது," என்றான். "எனக்குப் பொத்தான்தான் வேணும்."

ஜன்னலைத் திறந்தான். வெளித் திண்டு கரடுமுரடான சிமெண்டு. பொத்தானை முகம் குப்புற அதில் வைத்து அழுத்தித் தேய்த்தான். கர்ரென்ற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. எதிர் ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. இருவரும் உறைந்தார்கள்.

அப்போது பாண்டு நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெனரல் பேச ஆரம்பித்தார், அந்தக் குரலில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. இக்னாச் அவளைப் பார்த்தான். மறுபடி தேய்த்தான். இப்போது பேச்சைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"மெதுவா. தலையும் சேர்ந்து போயிடப் போகுது."

"போகட்டும். இறக்கையும் போகட்டும். டப்பாவைக் கொண்டா."

அவள் அடுப்புக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து வந்து, ஒரு பொத்தானை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். தோளோடு தோள் இடிக்கத் தேய்த்தார்கள். பித்தளைத் தூள் விரலில் ஒட்டியது. ஜெனரல் குரலை உயர்த்தும்போது வேகமாகத் தேய்த்தார்கள், அவர் மூச்சு வாங்கும்போது நிறுத்தினார்கள். பேச்சு முடிந்தது. கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது, அதற்குள் இரண்டு கழுகுகள் வெறும் தகடாயின.

கைதட்டலும் ஓய்ந்தது. இருவர் கையும் திண்டின் மேல் அப்படியே நின்றது. டப்பாவில் இன்னும் மீதி இருந்தது. அடுத்துப் பேச யாராவது மேடை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள்.